எச்சவியல்: ஆர் மொழியின் வாசற்படிக் கேள்வி குறித்து ஜவ்வாது மலையில் நடந்த ஓர் ஆய்வு

தமிழில் முடிந்துபோவதெல்லாம் மலையேறுகிறது. குறி சொல்லி முடித்ததும் சாமி மலையேறுகிறது. எண்ணெய் தீர்ந்ததும் விளக்கு மலையேறுகிறது. காலணாவுக்குக் காப்பி விற்ற காலமும் மலையேறிவிட்டது. ஏறியவை எந்த மலையில் தங்கின என்ற கேள்வியை ஆய்வுலகம் இதுவரை தீண்டவில்லை. பேருந்து வசதி உள்ள மலையே ஆய்வுக்கு உகந்தது என்ற நெறிப்படி, வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயம் வழியாக ஜவ்வாது மலைக்குப் போனேன்.

மலையில் காவலூர். கடல் மட்டத்துக்கு மேல் 725 மீட்டர் உயரத்தில் இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் வைணு பாப்பு வானாய்வகம். 1968இல் 38 சென்டிமீட்டர் தொலைநோக்கியோடு வேலை தொடங்கிய இடம். 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் ஒரு நட்சத்திரத்தை மறைத்தபோது, அதன் வளையங்களின் தடயத்தைப் பதிவு செய்த இடங்களில் இதுவும் ஒன்று. 1986 ஜனவரி 6 அன்று ராஜீவ் காந்தி வந்து 2.34 மீட்டர் தொலைநோக்கியைத் திறந்துவைத்தார். இவையெல்லாம் வானியலாருக்கு முக்கியமாக இருக்கலாம். நம் துறைக்கு முக்கியமான ஆண்டு 2008. அந்த ஜூலையில்தான் அமெரிக்காவின் பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து இங்கே வானியல் புள்ளியியல் பள்ளி நடந்தது. அதன் பாடக் கருவி ஆர்.

ஆர் என்பது நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் ராஸ் இஹாக்காவும் ராபர்ட் ஜென்டில்மேனும் உருவாக்கிய புள்ளியியல் மொழி. அதன் 1.0.0 பதிப்பு வெளியான நாள் 2000 பிப்ரவரி 29. நாலு வருஷத்துக்கு ஒருமுறை மட்டும் பிறந்தநாள் வரும் ஒன்றுக்கு ஞாபகத்தைப் பற்றிக் கேள்வி கேட்க என்ன தகுதி என்று தெரியவில்லை, ஆனால் கேட்கிறது. வேலை முடிந்து வெளியேறும்போது, ‘பணியிடத்தைச் சேமிக்கவா?’ என்று வாசலை மறித்துக்கொள்கிறது. விடைகள் மூன்று: ஒய், என், சி.

தமிழ்ப் பயனர் ‘என்’னை அழுத்தமாட்டார் என்பது இவ்வாய்வின் கோட்பாடு. நம் வீடுகளில் அரிசி தீர்ந்தால் ‘இல்லை’ என்பதில்லை, ‘நிறைஞ்சிருக்கு’ என்போம். விளக்கை அணைப்பதில்லை, குளிரவைக்கிறோம். விருந்தாளி ‘போறேன்’ என்று சொல்லமாட்டார். திரும்பி வரும் எண்ணம் துளியும் இல்லாதபோதும் ‘போயிட்டு வரேன்’ என்பார். இப்படி வளர்ந்த ஒருவரை வாசற்படியில் நிறுத்தி, அதுவும் விளக்கு வைத்த நேரத்தில், சேமிக்கவா என்று கேட்டால் கை தானாக ஒய்யை அழுத்துகிறது. சேமிப்பதற்கு ஒன்றும் இல்லாதபோதும்.

சேமிப்பில் மிஞ்சுவதற்கு நம் இலக்கணம் எப்போதோ பெயர் வைத்துவிட்டது: எச்சம். தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் ஒன்பதாம் இயல் எச்சவியல். முந்தைய எட்டில் சொல்லாமல் விட்டதெல்லாம் அங்கே வந்து சேர்ந்திருக்கிறது. ‘வந்த’ என்று நிறுத்தினால் பெயரெச்சம், ‘வந்து’ என்று நிறுத்தினால் வினையெச்சம். இரண்டும் வாக்கியத்தை முடிக்காமல் அடுத்த சொல்லுக்காகக் காத்திருக்கும். குறளில் வரும் எச்சத்துக்கு நன்மக்கள் என்று பொருள் கொண்டார் பரிமேலழகர். காக்கை கைப்பிடிச் சுவரில் விட்டுப்போவதற்கும் அதே சொல்தான். ஆர் விட்டுச்செல்லும் கோப்பு இவற்றுள் எந்த வகை என்பது விவாதத்துக்குரியது. நான் காக்கைக் கட்சி.

காரணம் சொல்கிறேன். ஒரு லட்சத்தை ஆர் சில சமயம் 1இ+05 என்று எழுதும். லட்சத்தை லட்சமாகப் பார்க்க விரும்பும் ஒருவர் அதற்கான அமைப்பை மாற்றுகிறார். ஏழு இலக்கம் காட்டுவதை நாலாகக் குறைக்கிறார். நிம்மதியாக ஒய் அழுத்திவிட்டுத் தூங்கப் போகிறார். மறுநாள் திறந்தால், சேமித்த பணியிடம் மீட்கப்பட்டது என்று ஆர் பெருமையோடு அறிவிக்கிறது. லட்சம் மறுபடி 1இ+05. இலக்கம் மறுபடி ஏழு. ஏனென்றால் ஒய் அழுத்தினால் சேமிக்கப்படுபவை நீங்கள் பெயரிட்டு வைத்த பொருள்கள்: அட்டவணைகள், மாறிகள், பாதியில் விட்ட கணக்குகள். அமைப்புகள் அதில் சேரா. ஏற்றிவைத்த தொகுப்புகளும் சேரா. அவை வேண்டுமென்றால் .ஆர்ப்ரொஃபைல் என்ற தனிக் கோப்பில் கையால் எழுதிவைக்க வேண்டும். சாவியைப் பத்திரமாக வைக்கச் சொன்னால், மேசைமேல் கிடந்த நேற்றைய டீத் தம்ளரைப் பத்திரப்படுத்தியிருக்கிறது.

தம்ளரால் ஆபத்தில்லை என்று மாற்றார் கூறுவர். அவர்களுக்கு விடை: பை. வட்டக் கணக்குக்கான 3.14159 ஆரில் அந்தப் பெயரில்தான் இருக்கிறது. வானியலாரோ நட்சத்திரத்தின் இடமாறு தோற்றத்தையும் அதே கிரேக்க எழுத்தால் குறிப்பார்கள். பிராக்சிமா சென்டாரிக்கு அது 0.768 வில்நொடி. அதைப் பை என்ற பெயரில் ஒருவர் போட்டுவைத்து, ஒய் அழுத்திவிட்டுப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். அதே கோப்புறையில் அடுத்து உட்காருபவர் ஒரு வட்டத்தின் பரப்பைக் கேட்கிறார். ஆர் ஒரு பெயரை முதலில் வீட்டுத் திண்ணையில் தேடும். கிடைக்காவிட்டால்தான் ஊர்ச் சாவடிக்குப் போகும். திண்ணையில் 0.768 உட்கார்ந்திருக்கிறது. வட்டம் நாலில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் 1897இல் பையின் மதிப்பையே பிசகச் செய்யும் மசோதா ஒன்று கீழவையில் நிறைவேறி, மேலவையில் நின்றுபோனது. அங்கே இரண்டு அவை தேவைப்பட்டது. இங்கே ஒரு ஒய்.

இந்தக் கோப்பு கண்ணிலும் படாது. .ஆர்டேட்டா என்று பெயரின் முன் ஒரு புள்ளி இருக்கும். யூனிக்ஸ் வழிவந்த கணினிகளில் புள்ளியில் தொடங்கும் கோப்பு பட்டியலில் தெரியாது. தமிழில் எழுத்தின் தலையில் புள்ளி வைத்தால் உயிர் போய் மெய் மிஞ்சும். யூனிக்ஸில் பெயரின் முன்னால் புள்ளி வைத்தால் மெய் மறைந்து உயிர் மட்டும் உலவும். இதற்கும் நம்மூரில் பெயர் உண்டு. இருட்டிய பிறகு மலையில் அதை எழுத விருப்பமில்லை.

ஆரின் மூதாதையான எஸ், பெல் ஆய்வகத்தில் ஜான் சேம்பர்ஸ் குழுவினர் செய்தது, கேட்கவே கேட்காது. மதிப்பு கொடுத்ததுமே வட்டில் எழுதிவிடும். சாஸ் என்ற இன்னொரு புள்ளியியல் மென்பொருளோ அரசு அலுவலக முறை: அமைப்புகளைச் சேமிக்க ஆப்ட்சேவ், திரும்பப் பெற ஆப்ட்லோட், இரண்டுக்கும் தனித்தனி மனு. ஆனால் மனுவில் கேட்டது கிடைக்கும்.

சேமிப்பென்றால் எப்படி இருக்க வேண்டும் என்று பார்க்க, மலையடிவாரத்துச் செங்கம் பக்கம் போக வேண்டும். பல்லவர் கால நடுகற்கள் அங்கே நிறைய. எடுத்தனூர்க் கல்லில் ஒரு வீரனும் ஒரு நாயும். மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டு, செத்த வீரன் யார், கள்ளர் இருவரைக் கடித்துக் காவல் நின்ற நாயின் பெயர் கோவிவன் என்பதுவரை வட்டெழுத்தில் இருக்கிறது. ஆயிரத்து நானூறு வருஷம் கழித்தும் நாயின் பெயர் தெரிகிறது. .ஆர்டேட்டாவில் உள்ள பொருளுக்கோ எவர், எப்போது, எதற்காக வைத்தார் என்ற குறிப்பு கிடையாது. போன மாதம் நானே வைத்த ‘எக்ஸ்2’ எதற்கென்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

வானியலாரிடம் ஒரு வினோதம் உண்டு. மின்னணுக் கேமராவை அவர்கள் நம்புவதில்லை. நேற்று அளந்த பூஜ்யத்தை இன்றைக்கு ஏற்காமல், வெற்றுப் படமும் சீரொளிப் படமும் புதிதாக எடுப்பார்கள். அப்படி எடுத்த படத்தைக் கொண்டுபோய், டூசான் நகரில் 1980களில் வளர்ந்த ஐராஃப் என்ற தொகுப்பில் போடுவார்கள். அது பயனரின் அமைப்புகளை யுபார்ம் என்ற கோப்புறையில் சத்தமில்லாமல் சேர்த்துவைக்கும். ஒளியளவுக்கு அது தானாக வைத்திருக்கும் அடிப்படை எண் 25. ஒரு வேலைக்காக அதை 23 ஆக்கிவிட்டு மறந்துபோனால், அடுத்த வேலையில் அத்தனை நட்சத்திரமும் ஆறு மடங்குக்கு மேல் பிரகாசமாகிவிடும். வானத்தில் ஒன்றும் நடந்திருக்காது. ஆனால் ஐராஃப் செய்தவர்கள் மனிதரை அறிந்தவர்கள்; ‘அன்லேர்ன்’ என்று ஒரு கட்டளை வைத்தார்கள். படித்ததை மற என்றதும் அமைப்புகள் பிறந்த நிலைக்குத் திரும்பும். மறக்கச் சொல்லிக்கொடுத்த வாத்தியாரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. ஆரிலும் ‘வனிலா’ என்று சொல்லித் தொடங்கினால் பழையது எதையும் தொடாது. சேமிக்கவா என்ற கேள்வியையே அணைத்துவைக்கச் சொல்கிறார் ஆர் வல்லுநர் ஹாட்லி விக்கம். நல்ல யோசனைதான்; வாசலில் ஒருவர் நின்று கேட்காவிட்டால் கிளம்பியது மாதிரி இருக்காதே.

சி பற்றி ஆய்வாளர் யாரும் எழுதவில்லை. சி அழுத்தினால் சேமிப்பதும் இல்லை, வெளியேறுவதும் இல்லை. விடைபெற்று, செருப்பும் மாட்டிக்கொண்டு, வாசலிலேயே அரைமணி நேரம் பேசுவதன் கணினி வடிவம் அது. கட்டுரையின் கணக்குகளை முடித்து வெளியேறப் போனபோது ஆர் என்னையும் கேட்டது. வெளியே ஆலங்காயம் பஸ் ஹாரன் அடித்தது. சி அழுத்தி, மடிக்கணினியை மூடிப் பையில் போட்டுக்கொண்டு ஓடினேன். அமர்வு என்னோடு மலையிறங்கியது.