ஹெரால்டு எரிபொருளியல்: விகாரப் படலம்

நெடுநாள் நின்ற காரின் பெட்ரோல் பாதையில் நேரும் விகாரங்கள் தோன்றல், திரிதல், கெடுதல் என மூன்று. இலக்கணத்தில் இவை புணர்ச்சியால் வருவன. காரில், பெட்ரோலும் காற்றும் புணராமலே கிடந்ததால் வருவன. உதாரணம், 1961 முதல் சென்னை வண்டலூரில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு: 948 சிசி எஞ்சின், டிக்கிக்குள் டேங்க், எஞ்சின் விலாவில் மெக்கானிக்கல் பம்ப். பிற வண்டிகளுக்கும் ஏற்ற பெற்றி கொள்க.

தோன்றலாவது, நிறுத்தியபோது இல்லாதது இப்போது இருத்தல். அரை டேங்க் பெட்ரோலோடு நின்ற வண்டியில் மீதி அரை டேங்க் காற்று. அது பகலில் விரிந்து வெளியேறும். இரவில் சுருங்கி ஈரக்காற்றை உள்ளே இழுக்கும். ஈரம் தகட்டில் வியர்த்து அடியில் தங்கும், துரு பிறக்கும். துரு இருவகை: தட்டினால் உதிர்வது, தட்டினால் டேங்கே உதிர்வது. முன்னதற்கு, ஒரு சங்கிலித் துண்டை உள்ளே போட்டுக் குலுக்கிக் கழுவினால் போதும். பின்னதைப் பற்றவைக்கத்தான் வேண்டும். ஆனால் காலி டேங்க் என்று ஒன்று கிடையாது. பெட்ரோலை வடித்தபின் அதில் இருப்பது ஆவி, முழு டேங்கைவிட எளிதில் வெடிப்பது. ஆவியை முற்றிலும் போக்காமல் தீயை அருகில் கொண்டுவரும் டிங்கரை எவ்வகையிலும் சேர்ப்பதற்கில்லை.

திரிதலாவது, பெட்ரோல் பிசினாதல். லேசான பகுதி ஆவியாகிப் போக, எஞ்சியது ஆக்ஸிஜனோடு சேர்ந்து கெட்டிப்படும். வார்னிஷ் நாற்றத்தால் அறிக. பிசின் அடைத்த ஜெட்டைக் கம்பியால் குத்துவது பெருவழக்கு. துளை பெரிதாகி வண்டி பெட்ரோல் குடிக்கும். கிளீனரில் ஊறவைத்து ஏர் அடிப்பதே முறை. நெடுநாள் திறவாத ஸ்க்ரூக்களும் திரியும். பகுபதமாக இருந்தவை பகாப்பதமாகும். முறுக்கியதில் தலை மட்டும் கையோடு வந்தால், அது திரிதலா கெடுதலா என்பதில் மெக்கானிக்குகள் ஒருமித்தாரல்லர்.

கெடுதலுக்கு ரப்பரே சான்று. பம்ப் டயாபிரம் வெடித்திருக்கும், ஹோஸ் விறைத்திருக்கும், பேக்கிங் பொடியாகியிருக்கும். எல்லாவற்றையும் மாற்றுக. இப்போது பங்க்கில் ஊற்றுவது 20 விழுக்காடு எத்தனால் கலந்தது. அது பழைய ரகப் புது ரப்பரையும் தின்னும். எத்தனால் தாங்கும் ஹோஸைக் கேட்டால் “ரெண்டும் ஒண்ணுதான் சார்” என்று கடைக்காரர் எடுத்துத் தருவது பெரும்பாலும் மற்றதாகவே இருக்கும். சூடான எஞ்சின்மேல் அது கசிந்தால் விகாரம் நான்காகும்.

இனி வரிசை. பானெட்டைத் திறந்ததும் கண்ணில் படுவது கார்புரேட்டர். டேங்கை அடையவோ டிக்கியைக் காலி செய்ய வேண்டும். ஆகவே உலகோர் கார்புரேட்டரையே முதலில் கழற்றுவர், டேங்க்கின் துரு வந்து அதை மீண்டும் அடைக்கும், மீண்டும் கழற்றுவர். டேங்க், பைப், பம்ப், பிறகே கார்புரேட்டர் என்க. கார்புரேட்டர் முனையில் பைப்பைக் கழற்றி ஒரு பாட்டிலுக்குள் விட்டு, பம்ப்பின் கைநெம்பை அழுத்துக. தெளிந்த பெட்ரோல் விழுந்தாலொழியச் சாவியைத் தொடற்க. அதற்கு முன்பே தொடுவோரின் வகைகள் தனி நூலாக விரியுமாதலின் ஈண்டுக் கூறப்படவில்லை.