நளனுக்கு நாலு, எனக்கு இருபது

காரைக்கால் மாவட்டத்தின் மொத்தப் பரப்பு சுமார் 160 சதுர கிலோமீட்டர். வடக்கே நண்டலாற்றங்கரையில் பூவம், தெற்கே நாகூரை ஒட்டி வாஞ்சூர். இரண்டுக்கும் நடுவே இருபது கிலோமீட்டர் தேறினால் அதிகம். மணிக்கு 200 கிலோமீட்டர் போகக்கூடிய மோட்டார் சைக்கிளை இங்கே ஒருவர் வாங்கினால், ஆறே நிமிடத்தில் அவருடைய யூனியன் பிரதேசம் தீர்ந்துவிடும். மேல் கியருக்கு வருவதற்குள் சிவப்புத் தொப்பிப் போலீஸ் மறைந்து, தமிழ்நாட்டுப் போலீஸ் கை காட்டிக்கொண்டு நிற்பார். 1739-ல் தஞ்சாவூர் ராஜாவிடமிருந்து இந்த ஊரைப் பெற்ற பிரெஞ்சுக்காரர்கள், பின்னாளில் மோட்டார் சைக்கிள் என்று ஒன்று வரும் என்பதை யோசித்து, கொஞ்சம் தாராளமாகவே கேட்டிருக்கலாம்.

இந்த நிலப்பரப்பில் நான் வைத்திருப்பது மீட்டியார் 350. 349 சிசி, 20.2 குதிரைத்திறன், 191 கிலோ எடை. நீண்ட பயணத்துக்கென்று செய்த வண்டி. டேங்க் 15 லிட்டர் கொள்ளும். லிட்டருக்கு முப்பத்தைந்து என்று வைத்துக்கொண்டால், ஒரு முறை நிரப்பிக் காரைக்காலை இருபத்தைந்து தடவை குறுக்கே கடக்கலாம். பெட்ரோல் இங்கே தமிழ்நாட்டைவிட மலிவு என்பதால், பெரிய டேங்கின் அருமை எங்களைவிட மயிலாடுதுறை, திருவாரூர் உறவினர்களுக்குத்தான் நன்றாகத் தெரியும். மாதம் தவறாமல் எங்கள் உடல்நலம் விசாரிக்க வருகிறார்கள். திரும்பும்போது டேங்கும் நிரம்பியிருக்கும், சிலருக்கு வேறு சிலவும்.

கடைத்தெருவில் வண்டியை நிறுத்தினால் இளைஞர்கள் சுற்றிவந்து பார்க்கிறார்கள். "என்ன சார், 350-லேயே நின்னுட்டீங்க? ஹிமாலயன் 450 வந்தாச்சு, நாப்பது குதிரை" என்கிறார்கள். எனக்கு இருபதே போதும் தம்பி என்றால், அவர்கள் முகத்தில் ஒரு மரியாதை வருகிறது. வயதாகி ஆசை அடங்கிவிட்டது, பெரியவர் பழுத்துவிட்டார் என்று நினைக்கிறார்கள். பழுக்கவெல்லாம் இல்லை. பென்ஷன் போதும் என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. அகவிலைப்படி அறிவிப்பு ஒரு வாரம் தள்ளிப்போனால் எனக்கு உறக்கம் போய்விடும். வண்டி விஷயத்தில் மட்டும் போதும் என்பதற்குக் காரணம் கணக்கு. பள்ளிக்கூடத்தில் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். கணக்குக்கு அப்புறம் வருகிறேன்.

அக்கா மகன் பாரிஸ் புறநகர் சார்செல்லில் இருக்கிறான். அவனுடைய தாத்தா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்த சொல்தா. அந்த வழியில் குடும்பமே பிரான்சுக்காரர்கள் ஆகிவிட்டார்கள். போன கோடையில் வந்தவன் என் வண்டியைப் பார்த்தான். உட்கார்ந்தான். எழுந்தான்.

"மாமா, அங்க புதுசா லைசென்ஸ் எடுக்கிற சின்னப் பசங்களுக்கே 47 குதிரை வரைக்கும் குடுக்கிறாங்க."

"குடுக்கட்டும்டா. புல்லுக் கட்டு யாரு போடுறது?"

அவன் வைத்திருப்பது பிஎம்டபிள்யூ ஆர் 1250 ஜிஎஸ். 136 குதிரைத்திறன், எடை கால் டன். கைப்பேசியில் படம் காட்டினான். வண்டிக்குப் பின்னால் ஆல்ப்ஸ் மலை. பனி. வளைந்து வளைந்து ஏறும் சாலை. அவனுக்கு மலை இருக்கிறது, ஏறுவதற்குக் குதிரை வேண்டும். நியாயம்தான். எனக்கு என்ன இருக்கிறது? எங்கள் பக்கத்தில் ஏற்றம் என்று சொன்னால் அது ஆற்றுப் பாலம். நூலாறு, வாஞ்சியாறு, நாட்டாறு, அரசலாறு, திருமலைராஜனாறு என்று ஆளுக்கொரு பாலம், ஒவ்வொன்றும் ஆள் உயர ஏற்றம். காவிரி இத்தனை கிளையாகப் பிரிந்து கடலுக்குப் போவதால்தான் எங்களுக்கு இந்த மலையேற்றமே கிடைத்தது. பெயரிலேயே மலையை வைத்திருக்கும் சுவாமிமலை கும்பகோணம் பக்கத்தில் இருக்கிறது. அதுவும் மனிதர் கட்டிய கட்டுமலை, மொத்தம் 60 படி. தமிழ் வருஷத்துக்கு ஒரு படி. அதை நான் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு நடந்தேதான் ஏறுகிறேன். 136 குதிரைக்கு அங்கே நிழலில் நிற்கும் வேலைதான்.

சாலையைச் சொல்லவேண்டும். அறுவடை முடிந்துவிட்டால் பாதிச் சாலை நெல்லுக்கு. கருங்கல்லும் செங்கல்லும் வரிசையாக வைத்து எல்லை கட்டி, தார் ரோட்டின் சூட்டில் காயப் போட்டிருப்பார்கள். கூலிக்கு ஒரு பாட்டி குடையோடு காவல் இருப்பார். அந்தப் பாட்டியின் பார்வையை மீறி நாற்பதுக்கு மேல் போன ஆண்மகனை நான் பார்த்ததில்லை. இன்னும் கொஞ்சம் தள்ளிப்போனால், அறுத்த வயலில் சிந்திய நெல்லைத் தின்னும் வாத்துக் கூட்டத்தை ஒரு வயலிலிருந்து இன்னொரு வயலுக்கு ஓட்டிக்கொண்டு போவார்கள். ஆயிரம் வாத்து சாலையைக் கடக்க எவ்வளவு நேரம் ஆகும் என்பது முழுக்க முழுக்க வாத்தின் சௌகரியம். ஆகஸ்ட் கடைசியில் வேளாங்கண்ணிக் கொடியேற்றம் வந்துவிட்டால், காவி உடுத்திய பாத யாத்திரைக்காரர்கள் ஒரு பக்கம் முழுக்க நடப்பார்கள். மீனவர் குப்பங்களின் ஓரம் கருவாடு. அதைப் பார்த்து வேகம் குறையாவிட்டாலும் வாசனையில் குறைந்துவிடும், மனைவி பின்னால் இருந்து தோளைத் தட்டுவாள்: "ஒரு நிமிஷம் நிறுத்துங்க."

மிச்சம் இருப்பதைச் சட்டம் பார்த்துக்கொள்கிறது. மோட்டார் சைக்கிளுக்கு 2018-ல் மத்திய அரசு வைத்த உச்ச வேகம், நடுவே தடுப்பு உள்ள நான்குவழிச் சாலையில் 80, நகராட்சி எல்லைக்குள்ளும் மற்றச் சாலைகளிலும் 60.

இப்போது கணக்கு. வண்டி 191 கிலோ, நாங்கள் இருவர், சாமான். இதைச் சமதளத்தில் 60 கிலோமீட்டர் வேகத்தில் தள்ளிக்கொண்டு போக, காற்று எதிர்ப்பையும் டயரின் உருளல் உராய்வையும் சேர்த்தால் சக்கரத்தில் தேவைப்படுவது ஏறக்குறைய நான்கு குதிரைத்திறன். நம்பாதவர்கள் வீட்டுக்கு வரலாம், சுண்ணாம்புக் கட்டியும் கரும்பலகையும் இன்னும் இருக்கின்றன. குதிரைகளைத் தின்பது வேகம்தான். வேகம் இரண்டு மடங்கானால், காற்றைக் கிழிக்க வேண்டிய திறன் எட்டு மடங்கு ஆகும். மருமகனுடைய குதிரைகளில் பெரும்பாலானவை காற்றோடு சண்டை போடச் சேர்த்த படை. நான் காற்றோடு சண்டைக்குப் போவதில்லை. ஆக, என் வண்டியிலேயே பதினைந்து, பதினாறு குதிரை சும்மா இருக்கின்றன.

நான்கு குதிரை என்று விடை வந்ததும் எனக்கு நளன் ஞாபகம் வந்தான். திருநள்ளாறு எங்கள் வீட்டிலிருந்து பக்கம். நள தீர்த்தத்தில் முழுக்குப் போட்டு, துணியை விட்டுவிட்டு ஓடுகிற கூட்டத்துக்கு நளனைச் சனி பிடித்த ஆளாக மட்டும்தான் தெரியும். அவன் அந்தக் காலத்தின் முதல்தர ஓட்டுநர் என்பதை யாரும் நினைப்பதில்லை. உருமாறி, வாகுகன் என்ற பெயரில் அயோத்தி ராஜாவிடம் தேரோட்டியாக இருந்தான். தமயந்திக்கு மறு சுயம்வரம், ஒரே நாளில் விதர்ப்ப நாட்டுக்குப் போயாக வேண்டும் என்று ராஜா சொன்னபோது, லாயத்துக்குப் போய் நாலு குதிரையைத் தேர்ந்தெடுத்தான். வியாசர் சொல்கிறபடி அவை ஒட்டி உலர்ந்த குதிரைகள். ராஜா இருதுபன்னனுக்குக் கோபம். விளையாடுகிறாயா, இந்த நோஞ்சான்கள் அவ்வளவு தூரம் இழுக்குமா என்று கேட்கிறான். கடைத்தெருவில் என்னைக் கேட்கிற அதே கேள்வி. நெடுந்தூரம் போக எந்தக் குதிரை உதவும் என்று தெரிந்தவன் நளன். போகிற வழியில் ராஜாவின் மேலாடை விழுந்துவிட்டது. அதை எடு என்று சொல்லி முடிப்பதற்குள் தேர் 24 காதம் தாண்டிவிட்டதாகப் புகழேந்தி நளவெண்பாவில் பாடுகிறார். வியாசர் இதில் கொஞ்சம் அடக்கம், ஒரு யோசனை தூரம்தான் என்கிறார். தமிழ்ப் புலவருக்கு வண்டி நன்றாக மைலேஜ் கொடுத்திருக்கிறது. பின்னால் உட்காருகிறவர் துண்டு போட்டுக்கொண்டு வரக்கூடாது என்பதில் மட்டும் இருவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

டிவிஎஸ் எக்ஸ்எல் 100-ல் 4.3 குதிரைத்திறன் இருக்கிறது. நளனைவிடச் சற்றுக் கூடுதலான வசதியோடுதான் எங்கள் ஊர் இளநீர்க்காரர் தினமும் வருகிறார்.

நளனைப் பிடித்த தெய்வமும் வேகத்துக்குப் பேர் போனவரல்ல. நவகிரகங்களில் மெதுவாகச் செல்பவர் அவர்தான். ஒரு ராசியைக் கடக்க இரண்டரை ஆண்டு, முழுச் சுற்றுக்கு ஏறக்குறைய இருபத்தொன்பதரை ஆண்டு. அந்த வேகத்துக்கே லட்சக்கணக்கானவர்கள் ஊரில் வந்து குவிகிறார்கள். பெயர்ச்சி அன்று எங்கள் தெருவிலிருந்து வண்டியை வெளியே எடுக்க முடியாது. கணக்குப்படி நான் அவரோடு இரண்டு சுற்று போய்வந்தவன். முதல் சுற்றுக்கு மங்கு சனி, இரண்டாவதற்குப் பொங்கு சனி என்பார்கள். மூன்றாவது சுற்றுக்கு ஜோதிடர்கள் வைத்திருக்கும் பெயர் அத்தனை நன்றாக இல்லை. அதை நோக்கி 136 குதிரை பூட்டி ஓட எனக்கு என்ன அவசரம்?

உடம்பும் தன் பங்குக்குப் பேசுகிறது. 55-ஐத் தாண்டியவர்களுக்கு ஓட்டுநர் உரிமத்தை ஐந்து ஐந்து ஆண்டாகத்தான் புதுப்பிக்கிறார்கள், மருத்துவச் சான்று தனி. அரசாங்கம் என்னை ஐந்தாண்டுத் திட்டத்தில் சேர்த்துவிட்டது. முழங்காலுக்கு நாற்பது கிலோமீட்டரில் ஓய்வு வேண்டும். வேறோர் உறுப்புக்கு அதற்கும் முன்னாலேயே. எந்த வண்டியில் போனாலும் நிற்கவேண்டிய இடங்கள் மாறாது என்னும்போது, நடுவில் பறந்து என்ன லாபம்? எடைதான் உண்மையான பயம். 191 கிலோவைக் கல்யாண மண்டப வாசலில் பின்னால் தள்ளி எடுக்கும்போதே, "தம்பி, கொஞ்சம் பிடிப்பா" என்று ஒரு தம்பியைத் தேடவேண்டியிருக்கிறது. கால் டன் என்றால் ஒரு கூட்டுறவு சங்கமே வேண்டும். வயதானவர்கள் ஊர் சுற்றக்கூடாது என்று நான் சொல்லவில்லை. 1973-ல் 500 சிசி டிரையம்ஃபில் கிளம்பி நான்கு ஆண்டு உலகத்தைச் சுற்றிய டெட் சைமன், எழுபதை நெருங்கும் வயதில், 2001-ல், திரும்பவும் அதே சுற்றுக்குக் கிளம்பினார். அதற்கும் வெகுகாலம் முன்னால் எங்கள் ஊர் அம்மையார் கயிலைக்குத் தலையாலேயே நடந்து போயிருக்கிறார். அவரிடம் யாரும் சிசி கேட்கவில்லை.

குறைந்த குதிரையில் நிறைய தூரம் என்பது எங்கள் பக்கத்துக்குப் புதிதும் அல்ல. திருவொற்றியூரில் 1956-லேயே புல்லட் செய்யத் தொடங்கிவிட்டார்கள். அதில் டீசல் புல்லட் என்று ஒரு பிறவி இருந்தது, டாரஸ் என்று பெயர். 325 சிசி, 6.5 குதிரைத்திறன். அறுபத்தைந்தைத் தாண்டினால் அதற்கு மூச்சு வாங்கும். ஆனால் லிட்டருக்கு எழுபதுக்குக் குறையாது. சித்தப்பா ஒன்று வைத்திருந்தார். ரிப்பேர் என்றால் பம்புசெட் மெக்கானிக்கே வந்து பார்த்துவிட்டுப் போவார். சித்தப்பா வருவது நாலு தெரு முன்னாலேயே கேட்கும். சித்தி உலையில் அரிசி போடுவது அந்தச் சத்தத்தை வைத்துத்தான். அந்நாளைய புல்லட்டை உதைத்துக் கிளப்புவது தனிக் கலை. அம்மீட்டர் முள்ளைப் பார்த்து, டிகம்ப்ரஷன் பிடித்து, பிஸ்டனை உச்சியில் நிறுத்தி, பிறகு உதைக்கவேண்டும். முறை தப்பினால் வண்டி திருப்பி உதைக்கும், கணுக்காலில் கட்டு விழும். எங்கள் மணிவிழாவுக்குத் திருக்கடையூர் போயிருந்தபோது, சிவன் எமனை உதைத்த கதையைக் குருக்கள் சொல்ல, அந்த உதையின் அருமை எனக்கு உடம்பிலேயே தெரிந்தது. எமன் திருப்பி உதைக்கவில்லை என்பதுதான் வித்தியாசம். இப்போதைய வண்டியில் உதையே கிடையாது, பட்டன்தான்.

அடுத்த பயணம் கோடியக்கரைக்கு. பூநாரை வந்திருக்கும் காலம். நாகப்பட்டினம், வேளாங்கண்ணி, திருப்பூண்டி, வேதாரண்யம் வழியாக எண்பது கிலோமீட்டர் சுமார். 1930-ல் உப்பு அள்ள ராஜாஜி திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடந்தே வந்தார், நாங்கள் உட்கார்ந்துகொண்டு போகிறோம், மெதுவாகப் போனால் என்ன என்று மனைவியிடம் சொன்னேன். அவள் காதில் வாங்கவில்லை. பட்டியல் எழுதிக்கொண்டிருந்தாள். புளியோதரை ஒரு தூக்கு. தயிர்சாதம் ஒரு தூக்கு. பிளாஸ்க். மாத்திரை டப்பா இரண்டு. பறவை பார்க்க அண்ணன் கொடுத்த பைனாகுலர். வேதாரண்யத்தில் இருக்கும் அவளுடைய ஒன்றுவிட்ட தங்கைக்கு ஒரு கூடை மாங்காய் ஊறுகாய். உட்கார்ந்து எழ மடக்கு ஸ்டூல்.

"ஸ்டூல் எதுக்கு?"

"உங்களுக்குத்தான். மணல்ல உட்கார்ந்தா எழுப்பிவிட நான் எங்க போறது?"

இதில் திரும்பும்போது நாகூரில் வாங்கவேண்டிய வாடாவும், வழியில் எங்கேயாவது நிறுத்தப்போகிற கருவாடும் சேரவில்லை. சும்மா இருந்த பதினைந்து குதிரைக்கும் வேலை வந்துவிட்டது.