பேணி விஞ்ஞானியார்

யாழ்ப்பாணத்துக் கிராமம் ஒவ்வொன்றிலும் ஒரு பரிகாரியார், ஒரு சாத்திரியார், கோயிற் கணக்கிற் பிழை பிடிப்பதையே விரதமாகக் கொண்ட ஓய்வுபெற்ற இலிகிதர் ஒருவர் என்று சில நிரந்தர ஸ்தானங்கள் இருப்பதைப் போலவே, ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கும் யந்திரம் எதையும் திறந்து பார்க்காமல் நித்திரை கொள்ள முடியாத ஒருவருக்கும் ஒரு ஸ்தானம் உண்டு. தொழிலால் அவருக்கும் மின்சாரத்துக்கும் யாதொரு சம்பந்தமும் இராது. தபாற்கந்தோரிலோ, கூட்டுறவுச் சங்கத்திலோ, பள்ளிக்கூடத்திலோ சீவனோபாயத்தைத் தேடிக்கொண்டு, மாலை நாலு மணிக்குமேல்தான் அவர் உண்மையில் வாழத் தொடங்குவார். அவருடைய ஆய்வுகூடம் முழுவதும் ஒரு பழைய மலிபன் பிஸ்கற் பேணிக்குள் அடக்கமாகையால், எங்கள் ஊர் அவருக்குப் பேணி விஞ்ஞானியார் என்று பட்டம் சூட்டிற்று. அவரும் அதைப் பட்டமளிப்பு விழாவிலே பெற்றதைப் போலவே ஏற்றுக்கொண்டார்.

இந்த இனத்தவரை இனங்காண்பது எளிது. சட்டைப்பையில் பேனா இருக்கவேண்டிய இடத்தில் ஒரு சிறு திருப்புளி இருக்கும். வலக்கைச் சுட்டுவிரலில் சூட்டுக்கோல் பதித்த தழும்புகள், ஒன்றின்மேல் ஒன்றாக, மரத்தின் ஆண்டு வளையங்கள் போல் அமைந்திருக்கும். எந்த வீட்டிற்குப் போனாலும் மனிதரைப் பார்க்குமுன் அவர் கண் சுவரிலுள்ள சுவிச்சைப் பார்க்கும். ஒருமுறை செத்தவீடொன்றிலே, துக்கம் விசாரிக்கச் சென்றவர், இறந்தவரின் மகனுடைய கையைப் பற்றிக்கொண்டு நெடுநேரம் மௌனமாக மேலே பார்த்தபடி நின்றார். துயரத்தின் மிகுதியால் மனிதர் வாயடைத்துப் போனார் என்று சபை உருகிக்கொண்டிருக்க, அவர் மெல்லச் சொன்னார்: "தம்பி, உந்த ஃபான் ஆறுதலாய்ச் சுத்துது. கொண்டென்சர் போட்டுது போலை. இரண்டரை மைக்குறோவிலை ஒண்டு வாங்கித் தா, அந்தியேட்டிக்கு முன்னம் மாத்தி விடுறன்." சொன்னபடியே மாற்றியும் விட்டார், அந்தியேட்டிக்கு வந்தவர்கள் எல்லாரும் நல்ல காற்று என்று புகழ்ந்தார்கள். அவர் கைவைத்தது முதல்தரத்திலேயே சரிவந்த அபூர்வ சம்பவங்களுள் அதுவும் ஒன்று.

பேணியைத் திறந்து ஒருதரம் பார்த்தவர்களுக்கு அந்தத் தரிசனம் மறக்காது. ஆதியிலே இஞ்சி பிஸ்கற் வசித்த அந்த ஸ்தலத்தில், பிரிந்து கிடந்த வானொலிகளின் செப்புச் சுருள்களும், கால் ஒடிந்த திரான்சிற்றர்களும், நெல்மணி பருமனுள்ள தடையிகளும் ஒன்றோடொன்று பின்னிக்கிடக்கும். தடையி ஒன்றைக் கிள்ளி எடுத்து வெளிச்சத்திலே பிடித்து, "மண்ணிறம், கறுப்பு, சிவப்பு, ஆயிரம் ஓம். கடைசியிலை பொன்னிறம், நூற்றுக்கு அஞ்சு கூடக் குறைய இருக்கும்" என்று அவர் சொல்லும்போது, ஏடு பார்த்துப் பலன் சொல்லும் சாத்திரியாரின் கம்பீரம் முகத்திலே வரும். ஆனால் நல்லூர்த் தேரன்று மனைவியார் வீதியிலே கூட்டத்திற் தவறிப்போக, அவர் என்ன நிறச் சேலை உடுத்துவந்தார் என்று தொண்டர்கள் விசாரித்தபோது, "கூறைச் சேலை மாதிரி, இல்லாட்டில் வேறை மாதிரி" என்பதற்குமேல் அவரால் ஒன்றும் சொல்ல முடியவில்லை.

இந்த வியாதி அவரைப் பற்றியது பத்து வயதில். கொழும்பிலிருந்து வந்த மாமா ஒருவர் கலீனா என்னும் ஈயக்கல் துண்டொன்றைக் கொடுத்து, மெல்லிய கம்பி முனையொன்றால் அதன் மேனியைத் தடவித் தடவி இடம் பார்த்தால், பற்றறியும் இல்லாமல் மின்சாரமும் இல்லாமல் வானொலி கேட்கலாம் என்று சொல்லிப் போய்விட்டார். பனையிலிருந்து தென்னைக்குக் கம்பி இழுத்து, கிணற்றடி ஈரநிலத்தில் இன்னொரு கம்பியைப் புதைத்து, காதிலே இயர்ஃபோனை வைத்துக்கொண்டு பையன் இரவிரவாக அந்தக் கல்லைத் தடவினான். திருச்சி வானொலியிலே நாதஸ்வரம் கேட்டது என்று இன்றைக்கும் சத்தியம் செய்வார். கேட்டவர் அவர் ஒருவரே. அயலவர் சிரித்தால், "சிரிக்காதையுங்கோ. இந்தக் கல்லாலை அலையைப் பிடிக்கலாம் எண்டு 1904இலை அமெரிக்காவிலை உரிமம் எடுத்தவர் எங்கடை ஜகதீச சந்திர போஸ்" என்று வாயை அடைத்துவிடுவார். அந்தக் கதை உண்மையே. ஆகையால் அதற்கு எதிர்வாதம் சொல்ல ஊரில் ஒருவராலும் இயலவில்லை.

பழஞ்சாமான் எதையும் வீசக்கூடாது என்பது அவருடைய வேதாந்தம். முற்றத்து மூலையில் துருப்பிடித்துக் கிடக்கும் சாமான்களைக் காட்டி மனைவியார் முறையிடும்போதெல்லாம், கொழும்பிலே 1925ஆம் ஆண்டில் வானொலி நிலையம் உதயமாவதற்கு முன்பு, தந்தித் திணைக்களத்து எட்வேர்ட் ஹார்ப்பர் என்ற துரை, ஜேர்மானிய நீர்மூழ்கிக் கப்பலொன்றிலிருந்து கைப்பற்றிய உறுப்புகளைக்கொண்டே பரிசோதனை ஒலிபரப்பை நடத்தினார் என்ற சரித்திரத்தை எடுத்து விரிப்பார். "இலங்கை வானொலியே பழஞ்சாமானிலை பிறந்த பிள்ளையப்பா" என்று அவர் முடிக்கும்போது, "அவர் பிள்ளையைப் பெத்தார், நீங்கள் சாமானை மட்டும் வைச்சிருக்கிறியள்" என்று அந்த அம்மையார் பதில் சொல்லிவிட்டு உலையைப் பார்க்கப் போய்விடுவார்.

அம்மையாருக்கு அந்த விஞ்ஞானத்திற் பயிற்சி இல்லையென்று எவரும் எண்ணிவிடலாகாது. சூட்டுக்கோலின் நுனியில் பற்றாசு உருகி, அதனுள்ளிருக்கும் பிசின் புகைந்து வீடெல்லாம் பரவும்போது, "இஞ்சருங்கோ, சாமியறையிலை நான் இன்னும் சாம்பிராணி போடேல்லை, உங்கை என்ன பூசை நடக்குது?" என்று குரல் வரும். ஒருநாள் பேரனுக்கு அவர் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். பள்ளிப் புத்தகத்திலே இருவாயி என்று எழுதியிருக்கும் சாமானைக் கையிலே வைத்து, இதற்கு வாய் இரண்டு இருந்தாலும் மின்னோட்டத்தை ஒரு திசையில் மட்டுமே விடும், மறுதிசையில் விடவே விடாது என்று விளக்கினார். சுளகிலே அரிசி புடைத்துக்கொண்டிருந்த அம்மையார் நிமிராமலே, "ரெண்டு வாய் இருக்கிறதே ஒரு வழியிலை போகுது, ஒரு வாய் உள்ளவர்தான் காலைமை ஒண்டும் பின்னேரம் ஒண்டும் சொல்லுறார்" என்றார். இருவாயியைப்பற்றி இதனிலும் தெளிவான வியாக்கியானத்தை நான் எந்த நூலிலும் கண்டதில்லை.

இவ்வாறு ஊராரின் பரிகாசத்துக்குப் பாத்திரராயிருந்தவரை, 1990ஆம் ஆண்டு ஆனி மாதத்தில் மீண்டும் மூண்ட போரோடு தொடங்கிய இருட்டுக் காலம் திடீரென்று சிம்மாசனத்தில் ஏற்றி வைத்தது. குடாநாட்டில் மின்சாரம் நின்றது. பற்றறி தடைசெய்யப்பட்ட பொருள்களுள் ஒன்றாயிற்று. மண்ணெண்ணெய் நெய்யினும் அருமையாகி, ஜாம் போத்தலுக்குள் சிறு திரியிட்டு எரித்த விளக்கிலே பிள்ளைகள் பரீட்சைக்குப் படித்தார்கள். செத்த பற்றறியை வெயிலிற் காயவைத்தார்கள்; ஆணியாற் குத்தி உப்புத்தண்ணீர் விட்டார்கள்; அது நோயாளி கஞ்சி குடித்ததைப் போல ஒரு நாழிகை எழும்பியிருந்து மறுபடி படுத்துவிட்டது. உலகத்திலும் ஊரிலும் என்ன நடக்கிறது என்று அறியும் மார்க்கம் பி.பி.சி. தமிழோசையும் வெரித்தாஸ் வானொலியுமாக இருக்க, வானொலியோ வாய் திறக்கவில்லை. அந்த வேளையிலேதான் பேணி திறந்தது.

சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பின்சில்லிலே டைனமோவைச் சாய்த்து, மிதியைக் கையாற் சுற்றினால் 6 வோல்ற் அளவிலே, 3 வாற் மட்டில் மின்சாரம் வரும் என்பது ஊரிற் பலருக்கும் தெரிந்திருந்தது. அதை நேரே வானொலியிற் கொடுத்தவர்களுக்குக் கேட்டதெல்லாம் குளவிக் கூட்டின் இரைச்சல். ஏனென்றால் டைனமோ தருவது முன்னும் பின்னும் ஆடும் ஆடலோட்டம், வானொலி விரும்புவதோ ஒரே திசையிற் செல்லும் நேரோட்டம். நமது விஞ்ஞானியார் பேணியிலிருந்து இருவாயிகள் நாலைப் பொறுக்கிச் சதுரமாகப் பிணைத்து, ஆட்டத்தை ஒரு திசைக்குத் திருப்பினார். திரும்பியும் அது விட்டுவிட்டு வந்ததனால், ஆயிரம் மைக்குறோ கொள்ளளவி ஒன்றைக் குறுக்கே வைத்தார். "துலாவிலை இறைக்கிற தண்ணி பட்டை பட்டையாய் விட்டுவிட்டுத்தானே வருது? தொட்டியிலை விழுந்து வாய்க்காலாலை போகேக்கை ஒரே சீராய்ப் போகேல்லையோ? உதுதான் தொட்டி" என்று அவர் சொன்னபோது, தோட்டக்காரர் ஒவ்வொருவருக்கும் அது ஒரே கணத்தில் விளங்கிற்று.

மாலையானால் அவர் முற்றத்திற் சபை கூடும். மிதியைச் சுற்றும் உத்தியோகம் அயல்வீட்டுப் பெடியன் ஒருவனுக்கு. செய்தி சாதாரணமாக இருக்கும்வரை அவன் ஒழுங்காகச் சுற்றுவான்; செய்தி முக்கியமாகும் தருணத்திலே அவனும் மனிதப் பிறவியல்லவா, வாயைப் பிளந்து கேட்கத் தொடங்குவான்; கை நின்றுவிடும்; வானொலியும் அந்த முக்கியமான சொல்லோடு அடங்கிவிடும். "சுத்தடா!" என்று சபை முழுவதும் ஏககாலத்தில் எழுப்பும் கோஷத்திற்குள் அடுத்த வசனமும் போய்விடும். இந்தக் கண்டத்திலும் பெரிய கண்டம் வீட்டுக்காரரே. செய்தி தெளிவாக வந்துகொண்டிருக்கையில், பின்னணியிலே ஒரு மெல்லிய இரைச்சல் இருப்பதைச் சகிக்கமாட்டாதவராய், "பொறுங்கோ, இன்னுமொரு கொள்ளளவி வைச்சால் இதுவும் போயிடும்" என்று வயரைக் கழற்றிவிடுவார். கழற்றிய வயர் மறுபடி பொருந்துவதற்குள் செய்தி முடிந்து இசை தொடங்கியிருக்கும். மூன்றாம் நாள் சபையிலே மூத்தவர் ஒருவர் எழுந்து, "அண்ணை, இரைச்சலும் எங்களுக்குப் பழகிப்போச்சு. கும்பிட்டன், கையை எடுங்கோ" என்று சொல்லி, ஒரு பனங்கட்டிக் குட்டானை அவர் மடியிலே வைத்தார். அவர் தமது ஆராய்ச்சிக்குப் பெற்ற முதற் சன்மானம், அதனைச் செய்யாதிருப்பதற்காகக் கிடைத்தது.

1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் நாள், போருக்கு அஞ்சி வலிகாமம் முழுவதும் ஓரிரவில் எழுந்து நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சிக்கு நடந்தபோது, அந்த வீட்டிலும் எதை எடுப்பது, எதை விடுவது என்ற கேள்வி எழுந்தது. அவர் பேணியைத் தூக்கிச் சைக்கிள் கரியரிற் கட்டினார். அம்மையார் ஒரு வார்த்தையும் பேசவில்லை. சாவகச்சேரிக்கு அப்பால் ஒரு பள்ளிக்கூட விறாந்தையில் இடம் கிடைத்து இருந்தபின், காணி உறுதிகளும் பிள்ளைகளின் பிறப்புச் சாட்சிப் பத்திரங்களும் எங்கே என்று அவர் நடுங்கி எழ, "உந்தப் பேணிக்கு அடியிலைதான் வைச்சனான். நீங்கள் என்னை மறந்தாலும் அதை மறக்கமாட்டியள்" என்று அம்மையார் சொன்னார். அவர் திறந்து பார்த்தார். தடையிகளுக்கும் சுருள்களுக்கும் அடியில், பொலித்தீன் பையிலே சுற்றியபடி, குடும்பத்தின் சர்வ ஆஸ்தியும் பத்திரமாக இருந்தது.

மறுவருஷம் ஊர் திரும்பி, காலக்கிரமத்தில் மின்சாரமும் வந்துவிட்டபின், விஞ்ஞானியார் பழைய நிலைக்கு, அதாவது பரிகாசத்துக்கு, இறங்கிவிட்டார். இப்போது வீட்டுக் கூரைமேல் தண்ணீர்த் தாங்கி உண்டு; அது நிரம்பி வழியுமுன் மணியடிக்கும் கருவியொன்றை அமைத்திருக்கிறார். தாங்கியின் வாயருகே இரண்டு செப்புக் கம்பிகள் தொங்கும். தண்ணீர் ஏறி இரண்டையும் தொட்டதும் அற்பமான மின்னோட்டம் தண்ணீருக்கூடாகப் பாய்ந்து, மூன்று காலுள்ள திரான்சிற்றரின் ஒரு காலைத் தீண்டும். சிறுவிரலால் மடையைத் திறந்ததுபோல் மற்ற இரண்டு கால்களுக்கூடாகவும் பெரிய ஓட்டம் பாய்ந்து மணி அலறும். மூன்று மாதம் அலறிற்று, பின் ஊமையாயிற்று. அவர் திரான்சிற்றரை மாற்றினார், பற்றறியை மாற்றினார், மணியை மாற்றினார், சுற்றை முழுவதும் அவிழ்த்து மறுபடி கட்டினார். பலனில்லை.

எங்கள் மண்ணுக்கு அடியிலே இருப்பது சுண்ணக்கல். கிணற்றுத் தண்ணீர் கேத்திலின் அடியிலே வெள்ளைப் பொருக்கு வைப்பதை அடுப்படியில் உள்ளவர்கள் அறிவார்கள். அம்மையார் ஒருநாள், அவர் கஸ்தூரியார் வீதிக்கு நாலாவது திரான்சிற்றர் வாங்கப் போயிருந்த சமயம், பேரனை ஏணியில் ஏற்றி அந்தக் கம்பிகள் இரண்டையும் கழற்றுவித்து, பாசிநிறமும் பொருக்குமாக இருந்தவற்றைக் குத்துவிளக்குத் துலக்கும் பழப்புளியால் நன்றாகத் தேய்த்து, பொன்போலப் பளபளக்க மறுபடி கட்டுவித்துவிட்டார்.

அன்று மாலை நான் படலையைத் திறக்கும்போதே மணி ஊரை எழுப்பிக்கொண்டிருந்தது. விஞ்ஞானியார் முற்றத்திலே கைகட்டி நின்று, கச்சேரி கேட்பவர்போலக் கண்ணை மூடியிருந்தார். "தம்பி, கேட்டீரோ? மற்ற மூண்டும் போலி. இதுதான் அசல் திரான்சிற்றர்" என்றார். குசினி வாசலிலே நின்ற அம்மையாரின் விரல்களிற் பழப்புளிக் கறை இன்னும் போகவில்லை. "ஓம், ஓம், நல்ல சாமான்தான்" என்றவர், கூரையிலிருந்து அருவியாக விழுந்து முற்றத்தை நனைத்துக்கொண்டிருந்த தண்ணீரைக் காட்டி, "மணி அடிக்கிற வடிவைக் கேட்டுக்கொண்டு நிண்டால் காணுமே? மோட்டரை ஆர் நிப்பாட்டுறது?" என்று கேட்டார்.