மாலி, வாலி, அப்புறம் நான்

ஸ்ரீரங்கத்துக்காரனுக்குப் படம் போடும் ஆசை வருவது புதிதில்லை. ரங்கராஜன் என்கிற பையன் இங்கேதான் வளர்ந்தான். ஆனந்த விகடனில் மாலி போட்ட படங்களில் சொக்கி, தானும் அப்படிப் பேர் வாங்க வேண்டும் என்று கிடந்தவனுக்குப் பள்ளித் தோழன் ஒருவன் ‘வாலி’ என்று நாமகரணம் செய்துவைத்தான். சென்னை ஓவியப் பள்ளிவரை போன வாலி, பிறகு தூரிகையை வைத்துவிட்டுச் சினிமாவுக்குப் பாட்டெழுதக் கிளம்பிவிட்டார். காலியான அந்த இடத்துக்கு நான் மனுப் போட்டிருக்கிறேன். வீட்டில்தான் இன்னும் கையெழுத்தாகவில்லை.

பேரன் டேப்லெட்டில் வரைகிறான். பிடிக்காத கோட்டை ஒரு தட்டில் ஒழித்துவிடுகிறான். நான் பழைய சம்பிரதாயம். இண்டியன் இங்க், தொட்டு வரையும் நிப், வழவழப்பான கெட்டி அட்டை. கூடத்தில் நான் கடை விரித்தால் மனைவி ஜமக்காளத்தைச் சுருட்டி உள்ளே வைத்துவிடுவாள்.

அந்தக் காலத்தில் பத்திரிகையில் அச்சேற்ற, படத்தைப் போட்டோ பிடித்துத் துத்தநாகத் தகட்டில் ஏற்றி, அமிலத்தில் அரிக்கவிட்டு ‘பிளாக்’ எடுப்பார்கள். லைன் பிளாக்குக்குக் கறுப்பு தெரியும், வெள்ளை தெரியும், சாம்பல் தெரியாது. நிழல் வேண்டுமானால் கோடு கோடாக இழைக்க வேண்டும். அச்சில் வரும் அளவைவிடப் பெரிதாக வரைந்து கொடுப்பார்கள். சுருக்கும்போது கையின் சின்ன நடுக்கம் மறைந்துவிடும். என் நடுக்கம் மறைவதற்குத் தபால்தலை அளவுக்குச் சுருக்க வேண்டும் என்பது மனைவியின் கணக்கு. பிசகிய கோட்டின்மேல் வெள்ளை பூசுவதும் உண்டு. பூசிப் பூசி, என் படங்கள் பொங்கலுக்குச் சுண்ணாம்பு அடித்த திண்ணை மாதிரி ஆகிவிடும்.

அந்தக் காலத்து ஓவியர்களில் சில்பி, கோயில் கோயிலாகப் போய் உட்கார்ந்து, சிலையின் ஒரு நகையைக்கூட விடாமல் வரைந்தவர். கோபுலு நாலு கோட்டில் ஒரு மனுஷரை நிறுத்தி, வசனமே இல்லாமல் சிரிக்கவைப்பார். நான் இரண்டு பேருக்கும் சீடன். 1987-ல் கட்டி முடித்த நம் ராஜகோபுரம் 236 அடி, 13 நிலை. அதைச் சில்பியாகத் தொடங்கினேன். மூன்றாம் நிலையில் பொறுமை தீர்ந்தது. பாக்கிப் பத்து நிலைக்கும் கோபுலுவாகி, நாலே கோடு. பார்த்த பேரன், “தாத்தா, இது இடிஞ்ச கோபுரமா?” என்றான்.

பக்கவாதத்தில் வலது கை முடங்கியபோது கோபுலு இடது கையால் வரையப் பழகிக்கொண்டார். எனக்கு இரண்டு கையும் திடமாக இருக்கின்றன. சொல்லிக்கொள்ள ஒரு சாக்குகூட இல்லை.

போன வாரம் மனைவி, “ஏன்னா, அந்த மசியைக் கொஞ்சம் தாங்கோ. ஜாடிக்குப் பேர் எழுதணும்” என்றாள். தினமும் வாசலில் அழிக்காமல் கோலம் போடுகிற கை. ‘மாவடு’ என்று எழுதி, பக்கத்தில் ஒரே இழுப்பில் காம்போடு ஒரு வடுவும் போட்டாள். சாம்பல் இல்லை, வெள்ளைப் பூச்சு இல்லை. லைன் பிளாக்குக்கு அப்படியே அனுப்பலாம். பேரன் அதைப் போட்டோ பிடித்து உறவுக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட, பாராட்டு குவிந்துவிட்டது. மங்களூரிலிருந்து மைத்துனர், இரண்டு ஜாடி வேண்டும் என்று கேட்டிருக்கிறார்.

இங்க் யாருடையது என்று ஒருவரும் கேட்கவில்லை.