வந்த மெஷினுக்கு இடம் எங்கே?

போனஸ் வந்த மாதம் போலிருக்கிறது. கும்மிடிப்பூண்டியில் ஆரம்பித்து திருவள்ளூர் வரை, வந்த கடிதங்களில் முக்கால்வாசி வாஷிங் மெஷின் பற்றித்தான். வாங்கலாமா என்று யாரும் கேட்கவில்லை. வாங்கிவிட்டு, எங்கே வைப்பது என்று கேட்கிறார்கள்.

மெஷின் வராண்டாவில் அட்டைப்பெட்டியோடு நிற்கிறது. வீட்டில் நாலு பேர் நாலு மூலையைக் காட்டுகிறார்கள். யார் பேச்சைக் கேட்பது?
– வாசகி, கும்மிடிப்பூண்டி

தண்ணீர் பேச்சைக் கேளுங்கள். நாலு மூலையிலும் ஆளுக்கொரு பக்கெட் ஊற்றச் சொல்லுங்கள். யாரும் துடைப்பத்தைத் தொடாமல் எந்த மூலைத் தண்ணீர் தானாக வெளியே போகிறதோ, அங்கே வையுங்கள். உள்ளே வரவேண்டிய தண்ணீரை நீளமாகப் பைப் இழுத்துக்கூடக் கொண்டுவந்துவிடலாம். வெளியே போகவேண்டிய தண்ணீர் பள்ளம் இருக்கும் பக்கம்தான் போகும், நம் சௌகரியத்தைக் கேட்காது. அதற்கப்புறம் பிளக் பாயின்ட். மூலை இரண்டு தேறினால் ஓட்டெடுப்பு நடத்துங்கள். ஆனால் துணியைப் போட்டு, எடுத்து, உலர்த்தப்போகிறவருக்கு மட்டும்தான் ஓட்டு.

எந்த மெஷினையும் எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம் என்று கடைக்காரர் சொல்கிறாரே?
– வாசகர், எளாவூர்

பில் போடும்வரை வைக்கலாம். வீட்டுக்கு வந்தபிறகு ஒவ்வொரு மெஷினுக்கும் ஒவ்வொரு குணம். செமி ஆட்டோமேட்டிக்கில் தண்ணீரை வெளியே தள்ளப் பம்ப் கிடையாது, தன் கனத்தில் தானே இறங்கவேண்டும். அதன் ஹோஸ் தரையோடு படுத்திருக்கவேண்டும், வழியில் ஒரு படியோ நிலைவாசலோ குறுக்கிட்டால் பாதித் தண்ணீர் தொட்டியிலேயே தங்கிவிடும். ஃபிரண்ட் லோடு நேர் எதிர். அதில் பம்ப் உண்டு. ஹோஸை இரண்டு மூன்று அடி உயரத்தில் மாட்டவேண்டும். தரையில் போட்டுவிட்டால் ஒருபக்கம் நிரம்ப நிரம்ப மறுபக்கம் தானாக வழிந்துகொண்டே இருக்கும், மெஷினும் விடாமல் குடித்துக்கொண்டே இருக்கும். டாப் லோடில் பம்ப் உள்ளதும் உண்டு, இல்லாததும் உண்டு. கடைக்காரரிடம் கேட்கவேண்டிய கேள்வி அதுதான். தள்ளுபடி எவ்வளவு என்பதை அவரே சொல்லிவிடுவார்.

மொட்டைமாடியில் வைத்தால் துவைத்த கையோடு உலர்த்திவிடலாம் என்று நினைக்கிறேன். சரிதானே?
– வாசகி, கவரைப்பேட்டை

நினைப்பு சரி. உங்கள் டேங்க் ஒத்துக்கொள்ளாது. தண்ணீர் ஒரு மீட்டர் உயரத்தில் நின்றால் கிடைக்கும் அழுத்தம் 0.1 பார். ஃபிரண்ட் லோடு மாடல்கள் பலவும் குறைந்தது 0.3 பார் கேட்கும். அதாவது டேங்கின் தண்ணீர் மட்டம் மெஷின் குழாய்க்குப் பத்தடி மேலே இருக்கவேண்டும். மாடியில் நாலடி மேடைமேல் டேங்க், பக்கத்திலேயே மெஷின் என்றால் தண்ணீர் சொட்டுச் சொட்டாக வரும், மெஷின் எரர் காட்டிவிட்டு நின்றுவிடும். அதே மெஷின் கீழ்வீட்டில் ஜோராக ஓடும். அழுத்தத்துக்கென்று தனிப் பம்ப் வைக்கலாம்தான், ஆனால் அது மெஷினுக்கு வேலை செய்ய இன்னொரு மெஷின். பக்கெட்டில் ஊற்றிக்கொள்ளத் தயார் என்றால் செமி போதும். எதுவானாலும் தலைக்கு மேல் கூரை வேண்டும். சட்டை மழையில் நனைந்தால் உலர்ந்துவிடும், மெஷினுக்குள் இருக்கும் போர்டு உலராது.

உலர்த்துவதில்தான் எனக்குச் சிக்கல். சிப்காட் தொழிற்பேட்டை பக்கம் வீடு. மாடியில் போட்ட வெள்ளைத்துணி சாயங்காலம் சாம்பல் நிறமாகிவிடுகிறது.
– வாசகி, கும்மிடிப்பூண்டி

தூள் விழும் ஊரில் துணி வெளியே இருக்கும் நேரத்தைக் குறைப்பதுதான் நம் கையில் இருப்பது. நிமிடத்துக்கு ஆயிரம் சுற்றுக்கு மேல் பிழியும் மெஷினில் துணி பாதி உலர்ந்தே வெளியே வரும். மீதிக்கு ஃபேனும் ஜன்னலும் போதும். ஆகவே மெஷினுக்கு மட்டும் இடம் பார்க்காதீர்கள், பக்கத்திலேயே இரண்டு கொடி கட்ட உள்வராண்டா இருக்கிறதா என்று பாருங்கள். தூளுக்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு எழுதுங்கள். அந்த வெள்ளைத்துணியையும் கூடவே அனுப்பலாம்.

ரோலிங் மில்லில் ஃபிட்டர் நான். வீட்டில் ஃபிரண்ட் லோடு மெஷின் பிழியும்போது ஓரடி நகர்ந்துவிடுகிறது. மில்லில் செய்வதுபோல் ஃபவுண்டேஷன் போல்ட் போட்டு இறுக்கிவிடட்டுமா?
– வாசகர், கும்மிடிப்பூண்டி

அந்த யோசனை அமெரிக்காவில் 1937-லேயே வந்துவிட்டது, ஃபிட்டர் சார். அந்த ஆண்டு வெளிவந்த பெண்டிக்ஸ் ஆட்டோமேட்டிக் மெஷினைத் தரையில் போல்ட் போட்டு இறுக்கித்தான் ஓட்டினார்கள். ஆட்டத்தை வாங்கிக்கொள்ள உள்ளே ஸ்பிரிங் அமைப்பு இல்லை. அதனால் இடத்தை ஒருமுறை முடிவு செய்தால் முடிவு செய்ததுதான், வீட்டம்மாவுக்கு மனம் மாறினால் தரையை உடைக்கவேண்டும்.

இப்போதைய மெஷினில் தொட்டி ஸ்பிரிங்கில் தொங்குகிறது, கனத்துக்கு கான்கிரீட் கட்டியும் உள்ளேயே இருக்கிறது. அப்படியும் நடக்கிறது என்றால் முதலில் பின்பக்கம் போய்ப் பாருங்கள். லாரியில் வரும்போது தொட்டி ஆடாமலிருக்க கம்பெனியில் போட்ட நீளப் போல்ட்கள் இன்னும் இருக்கின்றனவா? அவற்றைக் கழற்றாமல் ஓட்டினால் மெஷின் கோயில் தேர்போல் அசைந்துகொண்டு ஹாலுக்கே வந்துவிடும். கழற்றியாயிற்று என்றால் உங்கள் ஸ்பிரிட் லெவலை மேலே வைத்து நாலு காலையும் சரிபாருங்கள், லாக் நட்டை இறுக்குங்கள். சக்கரம் வைத்த ஸ்டாண்டில் நிறுத்தியிருந்தால் இன்றைக்கே இறக்குங்கள். அது இருபது இருபத்தைந்து கிலோ செமிக்குச் சரி. ஃபிரண்ட் லோடு அறுபது எழுபது கிலோ.

உங்களுக்குக் கணக்கு பிடிக்கும் என்பதால் ஒன்று: 1,200 சுற்றில், முக்கால் அடி ஆரத்தில், ஒரு கிலோ ஈரத்துணி ஒருபக்கமாக ஒதுங்கினால் அது வெளிப்பக்கம் இழுக்கும் விசை முந்நூற்றைம்பது கிலோ எடைக்கு மேல். நல்ல மெஷின் அதைக் கண்டுபிடித்து வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஒற்றைப் போர்வையை மட்டும் போட்டு அதைச் சோதிக்காதீர்கள்.

இன்னொன்று. சட்டைப்பையைத் தட்டிவிட்டுப் போடுங்கள். உங்கள் தொழிலில் பையில் சில்லறையைவிட நட்டும் வாஷரும்தான் அதிகம் இருக்கும். அவை போய்ச் சேரும் பம்ப் ஃபில்டர், மெஷினின் முன்பக்கம் கீழ்மூலையில் ஒரு சின்னக் கதவுக்குள் இருக்கிறது. அந்தக் கதவைத் திறக்க இடம்விட்டு வையுங்கள்.

கணவருக்கு நைட் ஷிப்ட். காலையில் வந்து படுக்கும் நேரம்தான் எனக்குத் துவைக்கும் நேரம். மெஷின் படுக்கையறைச் சுவரை ஒட்டி இருக்கிறது.
– வாசகி, காக்களூர்

சுவரிலிருந்து நாலு விரல் தள்ளி, அடியில் ரப்பர் பேட் போட்டால் சத்தம் ஓரளவு குறையும். மீதிக்கு மெஷினைச் சமையலறைப் பக்கம் மாற்றுங்கள். அதற்கும் வழியில்லை என்றால், அவர் வேலைக்குக் கிளம்பும்முன் அவரையே துணியைப் போட்டு எடுத்துவிட்டுப் போகச் சொல்லுங்கள். சத்தப் பிரச்சினை அப்போது வேறு மாதிரி தெரியும்.

பாத்ரூமுக்குள் வைக்கலாமா? தண்ணீர், வடிகால் இரண்டும் அங்கேதான் இருக்கின்றன.
– வாசகர், பொன்னேரி

நம் பாத்ரூமில் இன்னொன்றும் இருக்கிறது: மேலிருந்து கீழ்வரை, சுவர் முழுக்கத் தெறிக்கும் ஈரம். பிரிட்டனில் குளிக்கும் இடத்திலிருந்து இரண்டரை மீட்டருக்குள் சாதாரண பிளக் பாயின்ட் வைக்கக்கூடாது என்று விதி. அங்கே வாஷிங் மெஷின் அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். ஜப்பானில் மெஷினுக்கென்றே தரையில் ஒரு தட்டு, அதிலேயே வடிகால், குளிக்கும் அறைக்கு வெளியே. சிங்கப்பூரில் அரசு கட்டும் எச்.டி.பி. வீடுகளில் சமையலறையை ஒட்டி சர்வீஸ் யார்டு என்று ஒரு துண்டு இடத்தைக் கட்டும்போதே ஒதுக்கிவிடுகிறார்கள். நாம் வீடு கட்டும்போது எலிவேஷனுக்கு எத்தனை கலர் என்று ஒரு வாரம் பேசுகிறோம், துவைக்க ஒரு மூன்றடி இடம் பிளானில் இருப்பதில்லை.

வேறு இடமே இல்லையென்றால் பாத்ரூமில் ஷவர் எட்டாத பக்கம், ஆறங்குல மேடைமேல் வையுங்கள். பிளக் பாயின்ட் பாத்ரூமுக்கு வெளியே இருக்கட்டும். தண்ணீரைச் சூடாக்கும் மெஷின் 2,000 வாட் இழுக்கும், கிட்டத்தட்ட 9 ஆம்பியர். சின்ன பிளக்கோ ஜங்ஷன் பாக்ஸோ தாங்காது, 16 ஆம்ப்ஸ் பவர் பிளக்கும் உண்மையான எர்த்தும் வேண்டும். உண்மையான எர்த் என்று ஏன் சொல்கிறேன் என்றால், மூன்றாவது ஓட்டை மட்டும் இருந்து உள்ளே ஒயரே இல்லாத பிளக் பாயின்ட்டுகள் நம் வீடுகளில் ஏராளம். மின்கசிவு வந்தால் கரண்டைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்றையும் போட்டுவிட்டால் ஈரக்காலோடு தொடும்போது பயம் குறையும்.

வாஸ்துப்படி எந்த மூலை?
– வாசகர், ஊத்துக்கோட்டை

வாயு மூலை என்பார் ஒருவர், அக்கினி மூலை என்பார் இன்னொருவர். மயமதம் என்ற வாஸ்து நூலை எழுதிய காலத்தில் வடிகால் ஹோஸ் இல்லை. பிளம்பர் காட்டும் மூலையில் வைத்துவிட்டு, அதற்கேற்ற வாஸ்து நிபுணரைத் தேடுங்கள். கிடைப்பார்.

2021 தேர்தலில் எல்லா ரேஷன் கார்டுக்கும் வாஷிங் மெஷின் இலவசம் என்றார்களே. கொடுத்திருந்தால் எங்கே வைத்திருப்போம்?
– வாசகர், திருவள்ளூர்

அ.தி.மு.க. வாக்குறுதி அது. அந்தக் கட்சி தோற்றதால் கேள்வி தப்பித்தது. இலவசங்களின் வரலாற்றை இட நோக்கில் பாருங்கள். 2006-ல் வாக்குறுதி தந்த கலர் டி.வி.க்கு ஒரு ஸ்டூல் போதும். 2011-ல் வாக்குறுதி தந்த மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி மூன்றுக்கும் சேர்த்து ஒரு மேடை போதும். வாஷிங் மெஷின் வந்தால் குழாய் கேட்கும், வடிகால் கேட்கும், பவர் பிளக் கேட்கும். இடம் கொடுத்தால் மடத்தைப் பிடுங்கும் ஜாதி. ஒற்றை அறை வீடுகளில் அது அட்டைப்பெட்டியோடு கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று, மேலே டி.வி.யைத் தாங்கியிருக்கும்.

லைன் வீட்டில் வாடகைக்கு இருக்கிறோம். மெஷின் வைக்கவே கூடாது என்கிறார் ஹவுஸ் ஓனர்.
– வாசகி, புதுவாயல்

அவருக்கு மூன்று பயம்: கரண்ட், தண்ணீர், சாக்கடை அடைப்பு. முதலாவது வீண் பயம். 350 வாட் செமி மோட்டார் அரைமணி ஓடினால் கால் யூனிட்டுக்கும் குறைவு. உங்கள் சப்-மீட்டரில் காட்டிவிடுங்கள். தண்ணீர் பயம் நியாயமானது. டாப் லோடு ஒரு தடவைக்குச் சுமார் நூறு லிட்டருக்கு மேல் குடிக்கும், ஃபிரண்ட் லோடு ஏறக்குறைய அதில் பாதி. மோட்டார் போடும் நேரத்தில் மட்டும் ஓட்டுகிறேன் என்று சொல்லிப் பாருங்கள். சாக்கடைக்கு ஹோஸ் முனையில் ஒரு வலை கட்டினால் நூலும் பஞ்சும் அதில் நிற்கும். பொதுக் குழாயடியில் வைக்க மட்டும் ஒத்துக்கொள்ளாதீர்கள். அங்கே வைத்தால் மெஷின் உங்களுடையது, துணி லைனில் இருக்கும் எல்லோருடையதும்.

எங்கள் போர் தண்ணீரில் சோப்பு நுரைப்பதே இல்லை. இடத்தை மாற்றினால் சரியாகுமா?
– வாசகர், மீஞ்சூர்

மெஷினை எங்கே மாற்றினாலும் போர் ஒன்றுதானே. உங்கள் பக்கம் நிலத்தடியில் கடல்நீர் உள்ளே வந்ததை 1960-களின் இறுதியிலேயே கண்டுபிடித்துவிட்டார்கள். 2010-ல் காட்டுப்பள்ளியில் கடல்நீரிலிருந்து நாளைக்குப் பத்துக் கோடி லிட்டர் குடிநீர் எடுக்கும் ஆலையும் வந்தது. அது சென்னைக்கு. குடிநீரில் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம்வரை இருக்கலாம், வேறு வழியில்லாவிட்டால் 600 என்பது இந்தியத் தர அளவு. அதைத் தாண்டிய தண்ணீரை மெஷினில் சூடாக்கினால் ஹீட்டர்மேல் சுண்ணாம்பு பூசிக்கொள்ளும். பச்சைத் தண்ணீரிலேயே துவையுங்கள். இடத்துக்கும் இதற்கும் ஒரு சம்பந்தம் உண்டு: தண்ணீர் நுழையும் இடத்தில் ஒரு சின்ன வலை இருக்கிறது, உப்பும் மணலும் முதலில் அதைத்தான் அடைக்கும். பின்னால் கை நுழைய இடம்விட்டு வையுங்கள்.

புறக்கடையில் வைத்தால்?
– வாசகி, பெரியபாளையம்

எலி நன்றி சொல்லும். செமி மெஷினுக்கு அடியில் திறந்த வாய், உள்ளே ருசியான ஒயர். அடிப்பக்கம் இரும்புவலை போட்டுவிட்டு வையுங்கள்.

மெஷின் தண்ணீரை வாழைக்கு விடலாமா?
– அதே வாசகி

துவைக்கிற கல்லடியில் நின்ற வாழை அந்தக் காலத்திலும் சோப்புத் தண்ணீரைத்தான் குடித்தது. பவுடரில் சோடியம் அதிகம், ஒரே இடத்தில் தினமும் விட்டால் மண் இறுகிவிடும். கடைசியாக அலசும் தண்ணீரை மட்டும், இடம் மாற்றி மாற்றி விடுங்கள்.

மிக்ஜாம் புயலில் தரைத்தள மெஷின் மூழ்கியது. புதிது வாங்கியிருக்கிறோம். எவ்வளவு உயர மேடை கட்டலாம்?
– வாசகர், மீஞ்சூர்

2023 டிசம்பரில் உங்கள் சுவரில் தண்ணீர் விட்டுப்போன கோட்டைப் பாருங்கள். முழங்காலுக்குக் கீழே என்றால் அதற்குமேல் செங்கல் வைத்து, மேலே சிமென்ட் பூசிக் கெட்டியாகக் கட்டுங்கள். மெஷினைவிட நாலு பக்கமும் சில அங்குலம் அகலம் வேண்டும், இல்லாவிட்டால் பிழியும்போது குதித்துவிடும். கோடு இடுப்புக்கு மேலே என்றால் மேடை வேண்டாம். மழை எச்சரிக்கை வந்ததும் மாடிக்குத் தூக்கக்கூடிய செமி வாங்கியிருக்கலாம். வாங்கியது ஃபிரண்ட் லோடு என்றால் பக்கத்து வீட்டு இரண்டு பையன்களிடம் இப்போதே நல்லுறவு வளர்த்துக்கொள்ளுங்கள்.

நாலு பேர் பார்க்க ஹாலில் வைக்கவேண்டும் என்கிறார் மாமியார்.
– வாசகி, திருவள்ளூர்

வைக்கலாம். நாலு பேர் வரும்போது அழுக்குத்துணிக் கூடையும் பக்கத்திலேயே இருக்கும் என்பதை மட்டும் மெதுவாகச் சொல்லிவையுங்கள்.

மெஷினுக்கு மேலே என்னென்ன வைக்கலாம்?
– வாசகர், கவரைப்பேட்டை

டாப் லோடு என்றால், ஒவ்வொரு முறை மூடியைத் திறக்கும்போதும் எடுத்து வைக்கும் பொறுமை உங்களுக்கு எதற்கெல்லாம் இருக்கிறதோ அதெல்லாம். ஃபிரண்ட் லோடு என்றால் கீழே விழுந்தால் உடையாததும், காலில் விழுந்தால் வலிக்காததும். இஸ்திரிப் பெட்டி இரண்டிலும் சேராது.