கணக்குக் காட்டாத பூனை

எங்கள் ஊரில் விதி போடுவது பரம்பரை வியாதி. உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கி ஒரு டீயைக் குடித்துவிட்டு நாலு எட்டு வைத்தால் வைகுண்டப் பெருமாள் கோயில் வரும். அதன் சுவர் முழுக்க விதிகள்தான். ஊர் வாரியத்துக்கு யார் வரலாம், யார் வரக்கூடாது என்று முதலாம் பராந்தக சோழன் காலத்தில் வெட்டி வைத்தது. 919-ல் ஒரு தடவை வெட்டினார்கள். இரண்டே வருஷத்தில் அது போதவில்லை. 921-ல் இன்னும் நீளமாக, இன்னும் கோபமாக வெட்டினார்கள். தீயவர் கெட்டு நல்லவர் தழைக்க என்று காரணமும் போட்டிருக்கிறார்கள். அந்தத் தீயவர் யார் யார் என்று பெயர் போடாதது பெரிய மனசு. போட்டிருந்தால் பேரன்மார் இன்றைக்கும் அந்தச் சுவர்ப் பக்கம் தலைவைத்துப் படுக்க முடியாது.

கால் வேலிக்கு மேல் வரி கட்டுகிற நிலம் இருக்க வேண்டும். சொந்த மனையில் வீடு. வயசு 35-க்கு மேல், 70-க்குள். வேதம் தெரிந்திருக்க வேண்டும். கொஞ்சம் கூடுதலாகத் தெரிந்தால் நிலம் அரைக்கால் வேலி இருந்தாலும் போதும். வாரியம் பார்த்துவிட்டுக் கணக்குக் காட்டாதவன் வரக்கூடாது. அவனோடு அவன் மாமன், மச்சான், மாமனார், மருமகன் என்று ஒரு கல்யாணப் பந்தியே வரக்கூடாது. அடுத்தவன் பொருளைத் திருடியவன், தின்னக்கூடாததைத் தின்றவன், கள்ளக் கையெழுத்துப் போட்டவன், கழுதை மேல் ஏறியவன், எல்லாருக்கும் கதவு சாத்தியாயிற்று. மிஞ்சியவர்கள் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டு எடுப்பார்கள், அதுதான் குடவோலை. இதைத்தான் இப்போது ஜனநாயகத்தின் தொட்டில் என்று மேடைக்கு மேடை பேசுகிறார்கள். இருக்கட்டும். ஊரில் ஏர் பிடித்தவனுக்கும் அவன் பெண்டாட்டிக்கும் அந்தக் குடத்தில் ஓலை கிடையாது. தொட்டில் இருந்தது வாஸ்தவம், பிள்ளை யாருடையது என்பதை மட்டும் மேடையில் சொல்வதில்லை.

எங்கள் தாத்தா ரிட்டையர்ட் வாத்தியார். வெளியூரிலிருந்து யாராவது கல்வெட்டுப் பார்க்க வந்தால் கூப்பிடாமலேயே போய் விளக்குவார். 1986-ல், தை மாசம் என்று ஞாபகம், எங்கள் பரணில் ஒரு பூனை மூன்று குட்டி போட்டது. குட்டிகளுக்கு ஏழு வீடு காட்டும் என்பார்களே, அந்தக் கணக்கில் இரண்டை எங்கோ தூக்கிக்கொண்டு போய்விட்டது. மூன்றாவதை எடுக்க வரவே இல்லை. மறந்துவிட்டதோ, ஆள் பார்த்து விட்டுப்போனதோ தெரியாது. தவிட்டு நிறம், நெற்றியில் மூன்று கோடு, ஒரு காது மட்டும் கறுப்பு. தாத்தா அதைக் கையில் ஏந்திப் பார்த்து "பராந்தகன்" என்று பெயர் வைத்தார். வாலைத் தூக்கிப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை.

பராந்தகனுக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பது யார் என்று பேரப்பிள்ளைகளுக்குள் அடிதடி. ஆயா துடைப்பத்தை எடுப்பதற்குள் தாத்தா குடவோலை என்று அறிவித்துவிட்டார். தென்னங்கீற்றைக் கிழித்து ஆறு ஓலை நறுக்கினோம். ஆளுக்கு ஒன்றில் பெயர் எழுதி, தண்ணீர் இல்லாமல் மூலையில் கிடந்த மண்குடத்தில் போட்டோம். கல்வெட்டில் உள்ளபடியே எல்லாம் நடக்க வேண்டும். ஊர்ச் சபை குழந்தையிலிருந்து கிழவன் வரை கூட வேண்டும், கூடினோம். கோயில் நம்பிமாரில் மூத்தவர் மேலே பார்த்துக்கொண்டே குடத்தைத் தூக்கிக் காட்ட வேண்டும். நம்பி இல்லாததால் சித்தப்பா தூக்கிக் காட்டினார். "கனமா இருக்கே நைனா" என்றார். "சபையில பேசக்கூடாது" என்றார் தாத்தா. உள்ளே என்ன இருக்கிறது என்று அறியாத சின்னப் பிள்ளை ஒன்று ஓலையை எடுக்க வேண்டும். அது நான். ஆறு வயசு.

உள்ளே என்ன இருக்கிறது என்று சத்தியமாக எனக்குத் தெரியாது. கையை விட்டேன். ஓலை தட்டுப்படவில்லை, வெதுவெதுப்பாக ஏதோ தட்டுப்பட்டது. அதைப் பிடித்து இழுத்தேன்.

எடுத்த ஓலையை மத்தியஸ்தன் ஐந்து விரலும் அகல விரித்து உள்ளங்கையில் வாங்கி எல்லாருக்கும் காட்டிப் படிக்க வேண்டும் என்பது விதி. கைக்குள் ஓலையை மாற்றுகிற வேலை நடக்காமல் இருக்க. நான் அலறிக்கொண்டே ஐந்து விரலையும் விரித்துக் காட்டினேன். உள்ளங்கையிலிருந்து மணிக்கட்டு வரை நாலு கோடு, மேலே சிவப்பு முத்து கோத்த மாதிரி ரத்தம். சபை நன்றாகப் பார்த்தது. குடத்திலிருந்து பராந்தகன் தலையை நீட்டி, ஒரு ஓலையை வாயில் கவ்விக்கொண்டு, எங்கள் எல்லாரையும் தாண்டி அடுப்பங்கரைக்கு நடந்தான். அந்த ஓலையில் யார் பெயர் இருந்தது என்பது இன்றுவரை ரகசியம்.

தேர்தல் செல்லாது என்று ஆகி, வாரியத்தைத் தாத்தாவே எடுத்துக்கொண்டார். எதேச்சாதிகாரம் எங்கள் வீட்டில் இப்படித்தான் நுழைந்தது.

அந்தக் காலத்து வாத்தியார் பயிற்சியில் தார்ண்டைக் இல்லாமல் யாரும் தேற முடியாது. முயன்று தவறிக் கற்றல் என்று பத்து மார்க் கேள்வி. தாத்தாவும் எழுதித் தேறியவர்தான். எங்கள் ஊர்க் கல்வெட்டைக் கல்வெட்டுத் துறையார் படியெடுத்தது 1898-ல். அதே 1898-ல்தான் நியூயார்க்கில் எட்வர்ட் தார்ண்டைக் என்கிற இளைஞர், பூனைகளைப் பெட்டியில் அடைத்த கதையைக் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் கொடுத்து டாக்டர் பட்டம் வாங்கினார். பசித்த பூனையைப் பெட்டிக்குள் விட்டுத் தாழ்ப் போடுவார். வெளியே மீன். உள்ளே ஒரு கயிறோ கட்டையோ இருக்கும், அதை இழுத்தால் கதவு திறக்கும். பூனை முதலில் பிறாண்டும், கடிக்கும், கம்பி இடுக்கில் கையை விடும், தற்செயலாகக் கயிறு மாட்டும், வெளியே வரும். மறுபடி அடைப்பார். தடவைக்குத் தடவை நேரம் குறையும். பூனை யோசிப்பதில்லை, தட்டுத்தடுமாறிப் பழகுகிறது, அவ்வளவுதான் என்று தீர்ப்பு எழுதினார்.

அவர் செய்ததில் எனக்குப் பிடித்த பெட்டி வேறு. அதில் கயிறும் இல்லை, கட்டையும் இல்லை. பூனை தன்னைத் தானே நக்கிக்கொண்டால் அவர் கதவைத் திறந்துவிடுவார். பூனைகள் அதையும் பிடித்துக்கொண்டன. ஆனால் நாள் ஆக ஆக நக்குவது சுருங்கிப்போனது. உடம்பில் நாக்கு பட்டும் படாமலும் ஒரு பாவனை, உடனே கதவு பக்கம் ஒரு பார்வை. முகூர்த்த நாளில் நாலாவது கல்யாணத்துக்கு மந்திரம் சொல்கிற புரோகிதர் மாதிரி. இதைச் செய்தவனுக்கு யோசனை கிடையாது என்று எழுதியவருக்குத்தான் பட்டம்.

தாத்தா மளிகைக் கடையிலிருந்து ஒரு காலி டீத்தூள் பெட்டியை வாங்கி வந்து, முன்பக்கம் கம்பி அடித்து, சின்னதாக ஒரு கட்டைத் தாழ் வைத்து, அதில் சணல் கயிறு கட்டி உள்ளே தொங்கவிட்டார். வெளியே தட்டில் ஒரு நெத்திலிக் கருவாடு. கையில் எச்.எம்.டி. வாட்ச். பராந்தகன் உள்ளே போனான். ஒரு சுற்று மோந்து பார்த்தான். வாலைச் சுருட்டித் தலைக்கு அண்டக் கொடுத்துத் தூங்கினான். ஒரு மணி நேரம் ஆயிற்று. தாத்தா நோட்டில் "முயலவில்லை, தவறவும் இல்லை" என்று எழுதினார்.

பசித்த பூனை என்பது தார்ண்டைக் போட்ட முதல் நிபந்தனை. ஆயா காலையிலேயே பழைய சோற்றில் ஏரிக் கெண்டையைப் பிசைந்து வைத்திருந்தது தாத்தாவுக்குத் தெரியாது.

"பள்ளிக்கூடத்துல பசங்கள வதைச்சது போதாதா? ரிட்டையர் ஆயும் ஒரு உசுரு வேணுமா உங்களுக்கு?" என்று ஆயா கேட்டது மட்டும் தெரு முழுக்கத் தெரியும்.

அடுத்த வாரம் கருவாட்டை விட்டு இனிப்புக்கு மாறினார். நல்ல மாணவனுக்கு ஆரஞ்சு மிட்டாய் என்பது அவருடைய பழைய முறை. சுந்தரவரதப் பெருமாள் கோயில் சர்க்கரைப் பொங்கலை, நெய் வடிய, தட்டில் வைத்தார். பராந்தகன் நெய்யை மட்டும் நக்கினான். பொங்கலை முன்னங்காலால் இல்லாத மண்ணைத் தள்ளி மூடுகிற மாதிரி காற்றில் வாரினான். பெருமாள் பிரசாதத்துக்கு இந்த அவமரியாதையா என்று தாத்தா இரண்டு நாள் அதனோடு பேசவில்லை. பாவம், அதன் மேல் குற்றமில்லை. பூனைக்கு நாக்கில் இனிப்பே தெரியாது. இனிப்பை உணர்கிற மரபணு பூனைச் சாதியில் கெட்டுக் கிடக்கிறது என்று 2005-ல் பிலடெல்பியாவில் கண்டுபிடித்துச் சொன்னார்கள். தாத்தா அதைக் கேட்க இருக்கவில்லை.

பெயர் சொல்லிக் கூப்பிட்டால் வர வேண்டும் என்பது மூன்றாம் பாடம். "பராந்தகா!" என்பார். ஒற்றைக் கறுப்புக் காது மட்டும் இவர் பக்கம் திரும்பும். மற்ற உடம்பு தன் வேலையைப் பார்க்கும். ஜப்பானில் அட்சுகோ சைட்டோ என்கிற அம்மையார் பூனைகளிடம் நாலு வேறு சொல்லைச் சொல்லி ஐந்தாவதாக அதன் பெயரைச் சொல்லிப் பார்த்து, பூனைக்குத் தன் பெயர் தெரியும் என்று 2019-ல் நிரூபித்தார். தெரியும் என்பதற்கு அவர் கண்ட அடையாளமும் காது திரும்புவது, தலை அசைவது போன்றவைதான். எழுந்து வருவது பரீட்சையில் இல்லை. கவர்மெண்ட் ஆபீசில் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பார்த்தவர்களுக்கு இதற்கு ஜப்பான் வேண்டியதில்லை.

பூனைக்குப் பாடம் சொன்னவர்கள் நம் பக்கத்தில் தாத்தாவுக்கு முன்னாலும் உண்டு. மாமல்லபுரத்துப் பெரிய பாறையில், ஏழாம் நூற்றாண்டில், பல்லவச் சிற்பி ஒரு பூனையை இரண்டு பின்னங்காலில் நிற்க வைத்து, முன்னங்கை இரண்டையும் தலைக்கு மேலே தூக்கவைத்துத் தவம் செய்ய வைத்திருக்கிறான். மேலே ஒற்றைக்காலில் நிற்கிற முனிவரை அப்படியே காப்பி அடிக்கிறது. பக்கத்தில் எலிகள் பயபக்தியோடு. முனிவர் அர்ச்சுனனா பகீரதனா என்று அறிஞர்கள் இன்னும் அடித்துக்கொள்கிறார்கள். பூனை யார் என்பதில் சந்தேகமே இல்லை, உருத்திராட்சப் பூனை. ராஜா காசில் வெட்டிய தவக் கோலத்துக்கு நடுவில் இப்படி ஒன்றை வைத்த அந்தச் சிற்பிக்கு எங்கள் ஊர் வாரியத்தில் இடம் கிடைத்திருக்காது என்று நினைக்கிறேன்.

வைஷ்ணவர்கள் இதைவிட ஒரு படி மேலே போனார்கள். குரங்குக் குட்டி தாயை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். பக்தனும் தன் பங்குக்குக் கடவுளைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்றார்கள் வடகலையார். பூனைக்குட்டி ஒன்றும் செய்யாது, தாய் பிடரியில் கவ்வித் தூக்கிப் போகும். பக்தனும் சும்மா இருந்தால் போதும் என்றார்கள் தென்கலையார். மர்க்கட நியாயம், மார்ஜார நியாயம். சண்டை கோர்ட்டு வரை போனது. யானை நெற்றியில் எந்த நாமம் போடுவது என்பதில்கூடத் தகராறு. பூனை நெற்றிக்கு மட்டும் யாரும் போகவில்லை. போனவன் கையைப் பார்த்திருப்பார்கள். பிடரியைக் கவ்வினால் குட்டி துவண்டு தொங்குவது உண்மைதான், நல்ல கவனிப்பு. ஆனால் வயசு ஏற ஏற அது குறையும். பராந்தகனைத் தாத்தா பிடரியில் தூக்கியபோது அவனுக்கு மூன்று மாசம். சரணாகதித் தத்துவம் தாத்தாவின் வேட்டியோடு கிழிந்தது.

பெட்டிக் கதையில் ஒரு பாக்கி இருக்கிறது. 1946-ல் கத்ரி, ஹார்ட்டன் என்று இரண்டு அமெரிக்க அறிஞர்கள் பெட்டிக்குள் ஒரு கம்பம் நட்டார்கள். கம்பத்தில் பூனை உரசினால் கதவு திறக்கும். பூனைகள் ஒவ்வொன்றும் ஒரே மாதிரி திரும்பத் திரும்ப உரசின. ஆஹா, கற்றல் என்றால் இதுதான் என்று போட்டோவோடு புத்தகம் போட்டார்கள். முப்பத்து மூன்று வருஷம் அது பாடமாக ஓடியது. 1979-ல் மூர், ஸ்டட்டார்ட் என்று வேறு இரண்டு பேர் கதவையே திறக்காமல் வைத்துப் பார்த்தார்கள். அப்போதும் உரசின. எதிரே ஆள் தெரிந்தால் உரசின, ஆள் மறைந்தால் நிறுத்தின. பூனைகள் புரொபசர்களுக்கு வணக்கம் சொல்லிக்கொண்டிருந்திருக்கின்றன. அவர்கள் அதைக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார்கள்.

மழைக்காலத்தோடு தாத்தா பெட்டியைத் தாழ்ப்போட்டுப் பரணில் ஏற்றிவிட்டார். பங்குனியில் ஒருநாள் மேலே மெல்லிய கீச்சுச் சத்தம். சித்தப்பா ஏறிப் பார்த்தார். தாழ்க்கட்டை திரும்பிக் கிடந்தது. கதவு திறந்து, உள்ளே பழைய சணல் கயிற்றின் மேல் மூன்று குட்டிகள். பக்கத்தில் பராந்தகன் ஈன்ற களைப்பில் படுத்திருந்தான். படுத்திருந்தாள்.

"நைனா, உங்க ராஜா பிள்ள பெத்திருக்காரு!"

தாத்தா கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஏணியில் ஏறி, தாழை மூன்று தடவை திருப்பிப் பார்த்தார். குட்டிகளைப் பார்க்கவில்லை. "வெளியிலேர்ந்து தெறந்திருக்குடா" என்றார். அந்தக் குரலில் இருந்தது பெருமையா வருத்தமா என்று அப்போது எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை. நோட்டு எங்கே என்று கேட்டார். ஒரு குட்டியையாவது ஆரம்பத்திலிருந்து முறையாகப் பழக்க வேண்டும், இந்தத் தடவை குடத்தைக் கவிழ்த்துப் பார்த்துவிட்டு ஓலை போடலாம் என்றும் சொன்னார்.

ஆயா அடுப்பங்கரைச் சுவரைக் காட்டியது. அங்கே கரியால் கிழித்த கோடுகள், ஐந்தைந்தாக, உறி தொங்குகிற மூலை வரை. பாடத்துக்கென்று போன கருவாடு, கோட்டுக்கு ஒன்று.

"இதுக்குக் கணக்குக் குடுத்தீங்களா?"

தாத்தா பேசவில்லை.

"கணக்குக் காட்டாதவரு வாரியத்துக்கு வரக்கூடாது. நீங்கதான நாள் முச்சூடும் ஊருக்குச் சொல்றீங்க. அவரு புள்ள, பேரன், மாமன், மச்சான் ஒருத்தரும் வரக்கூடாது." எங்கள் ஆறு பேரையும் வரிசையாக ஒரு பார்வை பார்த்தது. பிறகு மண்குடத்தை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு தண்ணீருக்குக் கிளம்பியது.