என் கையில் பிழைத்தது ஹீலா மட்டும்

செடி வாங்கினால் ஒரு வாரத்தில் காயவிடுகிறவன் நான். என்னை நம்பி புற்றுநோய் ஆய்வகத்தில் செல் வளர்க்கக் கொடுத்தார்கள்.

என் பொறுப்பில் இரண்டு வகை: தோலிலிருந்து எடுத்த சாதாரண ஃபைப்ரோபிளாஸ்ட், அப்புறம் ஹீலா. இரண்டுக்கும் இன்குபேட்டரில் அதே 37 டிகிரி, அதே சிவப்பு மீடியம். சிவப்பு மஞ்சளானால் அமிலம் ஏறிவிட்டது, உடனே மாற்ற வேண்டும். தீபாவளிக்கு ஊருக்குப் போய்த் திரும்பிய அன்று ஃபிளாஸ்க் எல்லாம் நல்ல மஞ்சள்.

ஃபைப்ரோபிளாஸ்ட் மானஸ்தன். சீரம் குறைந்தால் பிரிவதை நிறுத்திவிடும். பக்கத்துச் செல்லோடு இடித்துக்கொண்டாலும் நிறுத்திவிடும். சீராட்டி வளர்த்தால்கூட, நாற்பது அறுபது முறை பிரிந்தபின் போதும் என்று ஓய்ந்துவிடும். 1961-லேயே ஹேஃப்லிக்கும் மூர்ஹெடும் இதைக் காட்டிவிட்டார்கள். என்னிடம் வந்தவை ஓய்வுபெறும் வயதைப் பார்த்ததே இல்லை. ஊரிலிருந்து நான் வருவதற்குள் மிதந்துகொண்டிருந்தன.

ஹீலாவோ ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் கொழித்திருந்தது. 1951-ல் பால்டிமோரில் ஹென்ரியெட்டா லாக்ஸ் என்ற பெண்ணின் கருப்பைவாய்ப் புற்றிலிருந்து, அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் எடுத்த செல்லின் வாரிசு அது. அவர் அந்த ஆண்டே இறந்துபோனார். செல் இன்னும் பிரிந்துகொண்டிருக்கிறது. அதற்குள் குடியேறிய பாப்பிலோமா வைரஸின் ஒரு புரதம், டிஎன்ஏ பழுதானால் பிரிவை நிறுத்துகிற பி53-ஐ அழித்துவிடுகிறது. இன்னொன்று, டிஎன்ஏவைப் படியெடுக்கும் கட்டத்துக்குள் செல் அவசரப்பட்டு நுழையாமல் தடுக்கிற ஆர்பி புரதத்தை முடக்குகிறது. நில் என்று சொல்ல உள்ளே ஆளில்லை. என் அலட்சியத்தால்கூட அதை நிறுத்த முடியவில்லை.

அடுத்து, எல்லாச் செல்லையும் ஒரே நேரத்தில் பிரியவைக்கச் சொன்னார்கள். தைமிடினை அளவுக்கு மீறிக் கொடுத்தால் படியெடுக்கும் வேலை நின்று, செல்கள் அங்கேயே வரிசைகட்டும். கழுவிவிட்டால் கூட்டமாகக் கிளம்பி ஒன்பது, பத்து மணி நேரத்தில் பிரியும். நான் டீ குடித்து, அரட்டை முடித்து, சாயங்காலம் ஐந்து மணிக்குக் கழுவினேன். பிரியும் நேரம் நடுநிசிக்கு மேல் என்பது அப்புறம்தான் உறைத்தது. சுமார் 24 மணி நேரச் சுற்றில் மைட்டாசிஸ் நடப்பது ஏறத்தாழ ஒரு மணி நேரம். அந்த ஒரு மணி நேரமும் நாற்காலியில் தூங்கினேன். ஒரே ஒரு குரோமோசோம் கதிர் இழையில் மாட்டாமல் நின்றால்கூட அதற்காகச் செல் காத்திருக்கும் என்று படித்திருக்கிறேன். எனக்காகக் காத்திருக்கவில்லை.

ஒருமுறை, புரதங்களைப் பிரித்துப் பார்க்கும் ஜெல்லில் ஒரு கோடு காணாமல் போயிருந்தது. குதித்தேன். 1982-ல் டிம் ஹண்ட், கடல் முள்ளெலி முட்டையில் ஒவ்வொரு பிரிவின்போதும் ஒரு புரதம் மறைவதைப் பார்த்துத்தான் சைக்ளினைக் கண்டுபிடித்தார்; 2001-ல் நோபலும் வந்தது. என் கோடு மறைந்த காரணம் வேறு. சாம்பிளைக் குழிக்குள் விடாமல் பஃபரில் விட்டிருந்தேன்.

இத்தனைக்கும் நடுவே ஒருநாள் என் ஃபைப்ரோபிளாஸ்ட் ஃபிளாஸ்கில் செல்கள் திமுதிமுவெனப் பெருகியிருந்தன. கைராசி வந்துவிட்டது என்று கைடைக் கூட்டிவந்து காட்டினேன். மைக்ராஸ்கோப்பில் குனிந்தவர் நிமிரவே இல்லை.

"தம்பி, ஃபைப்ரோபிளாஸ்ட் நீளமா இருக்கும். இது ஹீலா. ரெண்டுக்கும் ஒரே மீடியம் பாட்டிலா?"

ஆமாம். பிப்பெட்டும் சில நாள் ஒன்றுதான். அதைச் சொல்லாமல் அறிவைக் காட்டினேன். "பெரிய பெரிய லேப்லயே நடந்திருக்கு சார். பல செல் வரிசைக்குள்ள ஹீலா புகுந்துட்டதா கார்ட்லர் 1966-லயே சொல்லியிருக்காரு."

"1966-லயே சொல்லிட்டாருல்ல?" என்றார். "பிளீச் அந்த ரேக்ல இருக்கு."